ஏரிக்கரை மரத்தில் கட்டிய கலயம்

அண்ணன் இறந்தபோது அவனுடைய எலும்பைக் காசிக்குக் கொண்டுபோய்க் கரைப்பேன் என்று சொன்னது நான். யாரும் என்னிடம் கேட்கவில்லை. அண்ணனும் உயிரோடு இருந்தவரை காசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியவனில்லை. சொன்னதும் நான், கொண்டுபோனதும் நான், போகிற வழியில் ஹைதராபாத்துக்குள் ஒரு பகல் வண்டியைத் திருப்பியதும் நான்தான். அந்த ஒரு பகலை எழுதலாமா என்று அண்ணன் மனைவியிடம், அதாவது என் மதினியிடம், கேட்டேன். “பேரு கீரு போடாம எழுதுங்க” என்றார். ஆகவே யார் பெயரும் இதில் இல்லை.

என்னைப் பற்றி நாலு வரி சொன்னால்தான் மற்றது விளங்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பதினான்கு வயதில் தூத்துக்குடி உப்பு ஏற்றுகிற லாரியில் கிளீனராக ஏறினேன். இன்றைக்கு ஒன்பது லாரி எனக்கு ஓடுகிறது. சீவலப்பேரிப் பக்கம் எங்கள் ஊரில் முதன்முதலில் மாடி மேல் மாடி எடுத்தவன் நான். படித்தவர்கள் வீட்டில் பேப்பர் மடித்தபடி கிடக்கும், நான் தலைப்பிலிருந்து கடைசி விளம்பரம் வரை படித்துவிட்டுத்தான் காப்பி குடிப்பேன். எந்த மாநிலத்துச் செக்போஸ்ட்டில் எப்படிப் பேச வேண்டும் என்று எனக்கு மனப்பாடம். தற்பெருமை என்பார்கள். உள்ளதைச் சொன்னால் அதற்குப் பெயர் தற்பெருமையா?

அண்ணன் வேறு மாதிரி. வாய்க்காலில் இருந்து ஒவ்வொரு வயலுக்கும் முறை வைத்துத் தண்ணீர் திருப்பிவிடுவது அவன் வேலை. மண்வெட்டியும் தோளில் துண்டுமாக வரப்பிலேயே அறுபது வருஷத்துக்கு மேல் நடந்தான். வெளியூர் என்றால் அவனுக்குத் திருநெல்வேலி ஜங்ஷன்தான், அதுவும் டவுன் பஸ்ஸில். நான் புதுக்கார் வாங்கி வாசலில் நிறுத்தியபோது சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். ஏறச் சொன்னேன். “நீ ஓட்டுலே, நான் இங்கன நின்னு பாக்கேன்” என்றான்.

அவனுக்கு ஒரே மகள். மகன் இல்லாததால் கொள்ளி வைத்தவன் நான். மறுநாள் காடாத்து. சுடுகாட்டில் பால் தெளித்து, எலும்பையும் சாம்பலையும் புது மண்கலயத்தில் எடுத்து, அப்படியே ஆற்றில் இறங்கிக் கரைத்துவிட்டு வருவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். கிளம்பும்போது வாசலில் வைத்துச் சொன்னேன், அண்ணனை ஆற்றில் விடப்போவதில்லை, காசிக்குக் கொண்டுபோகிறேன் என்று.

மதினி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். “காசிக்கா? எதுக்குக் கொழுந்தனாரே? அவுகளுக்கு இந்த ஆத்தை விட்டா வேற என்ன தெரியும். இங்கனயே விட்டுருங்களேன்.”

“நம்ம தெருவுல எவன் எலும்பாவது இதுவரைக்கும் காசிக்குப் போயிருக்கா மதினி? எங்க அண்ணன் போவான்” என்றேன்.

தெரு கேட்டுக்கொண்டிருந்தது. தெரு கேட்கத்தான் சொன்னேன்.

மதினி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “சரி. ஒங்க கையால கங்கையில விட்டுட்டு எனக்கு ஒரு போன் போட்டுருங்க. அதுவரைக்கும் எனக்கு மனசு நிக்காது.”

சடங்கு செய்துவைத்த பெரியவர் கலயத்தின் வாயைச் சிவப்புத் துணியால் கட்டி என் கையில் கொடுக்கும்போது ஒரு சட்டமும் சொல்லிக் கொடுத்தார். “எந்தக் கூரைக்குள்ளயும் இதைக் கொண்டு போவக் கூடாது அண்ணாச்சி. வண்டி ஓடும்போது மடியில வச்சிக்கிடுங்க. வண்டி நின்னா இறக்கி ஒரு மரத்துல கட்டிருங்க. பூட்டுன வண்டிக்குள்ள மட்டும் விட்டுட்டுப் போயிராதிய.” எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்தது. மரக்கிளையில் சிவப்புத் துணி கட்டிய கலயம் தொங்கினால் ஆடு மேய்க்கிறவன்கூட அந்த மரத்தடியில் நிற்க மாட்டான். திருடன் வந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போவான்.

மூன்று பேர் கிளம்பினோம். நான், என் மனைவி, அவள் தம்பி. மச்சினன் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கலயத்தை மடியில் வைத்துக்கொள்வது அவன் பொறுப்பு. அறுபத்தெட்டு வயதில் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் நானே ஓட்டினேன், ஸ்டியரிங்கை யாரிடமும் கொடுக்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கமாகப் போகிற அதே நாலுவழிச்சாலைதான் மதுரை, சேலம், பெங்களூர், கர்நூல் என்று ஹைதராபாத் வரைக்கும் போகிறது, அதற்கு மேலும் போகிறது. வழியில் இரண்டு இடத்தில் தங்கினோம். இரண்டு இடத்திலும் லாட்ஜ் வாசலில் வேப்பமரம் இருந்தது. கலயத்தைக் கட்டினோம், மச்சினன் கீழே கட்டில் போட்டுப் படுத்தான். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு மதினியிடமிருந்து போன் வரும். “எங்கன வந்திருக்கிய?” என்று கேட்பார். ஊர் பெயரைச் சொல்வேன். “அங்கன தண்ணி இருக்கா?” என்பார். அவ்வளவுதான் பேச்சு.

மூன்றாம் நாள் காலையில் ஹைதராபாத் வெளிவட்டச் சாலை வந்தது. அதிலேயே சுற்றிக்கொண்டு போனால் நாக்பூர் ரோட்டைப் பிடித்துவிடலாம். நான் இடது பக்கம் இறக்கினேன்.

“இது காசிக்குப் போற ரோடா?” என்றாள் மனைவி. அவளுக்குப் போர்டு படிக்கத் தெரியாது. ஆனால் நான் திரும்புகிற விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

“ஒரு பகல்தான். நான் உப்பு மூட்டை மேல படுத்துக்கிட்டு வந்த ஊரு இது. சொந்த வண்டியில ஒரு தடவை உள்ள போயிட்டு வந்துருவோம். நடுவுல பெரிய ஏரி இருக்கு, கடல் மாதிரி. ஒனக்குக் காட்டுதேன்.”

“துக்கத்துக்குப் போற வழியில ஏரி பாக்கவா?”

“அக்கா, சும்மா இரு” என்றான் மச்சினன். “நீ டிக்கெட் எடுத்தாச்சு. இனி டிரைவர் நிறுத்துற எடத்துலதான் எறங்க முடியும்.”

எனக்குத் தெரிந்த ஊர் என்று சொல்லித்தான் உள்ளே போனேன். ஐம்பது வருஷம் கழித்து ஒரு ஊர் அப்படியே காத்துக்கொண்டிருக்கும் என்று எப்படி நினைத்தேனோ. ஒரு பாலத்தின் மேல் இன்னொரு பாலம், அதற்கு மேல் ரயில். கண்ணாடிக் கட்டடங்களில் எங்கள் கார் ஓடுவது எங்களுக்கே தெரிந்தது. என் மகன் போனில் வழி சொல்லும் பெண்குரலைப் போட்டுக் கொடுத்திருந்தான். அவள் இங்கிலீஷில் இடது என்று சொல்லும்போதே இடது போய்விடுகிறது. ஒரே பெட்ரோல் பங்கை மூன்று முறை பார்த்தோம். “அத்தான், அந்தப் பங்க்காரன் நம்மளுக்குக் கையாட்டுதான்” என்றான் மச்சினன். லாரி நிறுத்திய சந்தை எங்கே, உப்பு இறக்கிய கிட்டங்கி எங்கே, எதுவும் தெரியவில்லை. தெரிந்த மாதிரியே ஓட்டினேன்.

காலைச் சாப்பாட்டுக்கு ஒரு கடையில் நிறுத்தி, கலயத்தை வாசல் மரத்தில் கட்டிவிட்டு, வெளியிலேயே நின்று இட்லி சாப்பிட்டோம். பரிமாறியவன் ஒடிசாக்காரன். வண்டி நிறுத்த இடம் காட்டியவன் பீகார். டீ போட்டவர் ராஜஸ்தான் தலைப்பாகை. பக்கத்து மேஜையில் நல்ல கறுப்பாக, உயரமாக, வெளிநாட்டுப் பிள்ளைகள் நாலுபேர் தோசையை உருட்டிக் கடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஊர்க்காரர் யார் என்று மச்சினன் தேடித் தேடிப் பார்த்தான். “எல்லாவனும் நம்மள மாதிரி பாதி வழியில எறங்குனவனா இருக்கான்” என்றான்.

ஏரிக்கரையில் ஒரு பூங்கா. வண்டியை நிறுத்தியதும் சட்டப்படி கலயத்தை இறக்கினோம். கரையோரம் பெரிய தூங்குமூஞ்சி மரம், கிளை ஆள் உயரத்துக்குத் தாழ்ந்திருந்தது. நானே கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். லாரியில் தார்ப்பாய் கட்டிப் பழகிய கை. நான் போட்ட முடிச்சு அவிழ்ந்ததாகச் சரித்திரம் கிடையாது.

ஏரி நான் சொன்ன மாதிரியே இருந்தது. நடுவில் ஒரே கல்லில் புத்தர் நிற்கிறார். அவர் காலடி வரைக்கும் போட் போகிறது. ஆட்கள் ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நான் கிளீனராக இருந்தபோது அந்த ஏரியை லாரி மேலிருந்து ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். இறங்கிப் பார்க்க ஓனர் விடவில்லை. அதைச் சொன்னேன். போட்டில் போய்விட்டு வருவோம் என்றேன்.

“நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நான் கலயத்துக்கிட்ட இருக்கேன்” என்றான் மச்சினன்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு ஆளை மரத்தடியில் விட்டுவிட்டுப் போனால் கூட்டிவந்த மரியாதை என்ன ஆகும்? “நீயும் வாலே. அதை எவன் தொடுவான்?”

“வெளியூருல்லா அத்தான்.”

“எந்த ஊரா இருந்தா என்ன, செத்தவன் எலும்பை எவனாவது தொடுவானா? செவப்புத் துணியைப் பாத்தாலே தெரிஞ்சுக்கிடுவான்.”

மனைவி மட்டும் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அத்தான் தனியா கெடப்பாக” என்றாள். என் அண்ணனை அவள் அத்தான் என்றுதான் கூப்பிடுவாள். அரைமணி நேரம்தானே என்று சொல்லி வரிசையில் நிறுத்தினேன்.

அரைமணி நேரம் இல்லை. புத்தர் காலடியில் இறக்கிவிட்டால் திரும்புகிற போட்டுக்குத் தனியாக நிற்க வேண்டும். நான் பக்கத்தில் நின்ற புருஷன் பெண்டாட்டியிடம் ஒன்பது லாரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் எந்த ஊரோ, ஒரு வார்த்தையும் புரியாமல் சிரித்துச் சிரித்துத் தலையாட்டினார்கள். கரைக்கு வரும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மரத்தில் கயிற்றின் முனை மட்டும் தொங்கியது. முடிச்சு அப்படியே இருந்தது. கயிற்றை நடுவில் அறுத்திருந்தார்கள்.

மச்சினன் மரத்தைச் சுற்றி வந்தான். இது வேறு மரமோ என்று அடுத்த மரத்துக்குப் போனான். அதற்கடுத்த மரத்துக்கும் போனான். என் மனைவி உட்கார்ந்துவிட்டாள். நான் நின்ற இடத்திலேயே நின்று கிளையைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தால் கலயம் வந்துவிடும் என்பது மாதிரி.

பூங்காக் காவலாளியிடம் போனேன். எனக்கு இந்தி தெரியும் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இந்தியில் எனக்கு ரொட்டி கேட்கத் தெரியும், டீசல் கேட்கத் தெரியும், போலீஸ்காரருக்கு சலாம் சொல்லத் தெரியும். செத்துப்போன அண்ணனைக் கேட்கத் தெரியவில்லை. இரண்டு கையாலும் கலயம் மாதிரி காட்டினேன். வாய் கட்டியிருக்கும் என்று காட்டினேன். அவன் நல்ல பையன், எங்களைக் கூட்டிக்கொண்டுபோய்க் குடிதண்ணீர்க் குழாயைக் காட்டினான். இல்லை என்று தலையாட்டினேன். எரித்த சாம்பல் என்று புரியவைக்கத் தீப்பெட்டி உரசுவது மாதிரி காட்டினேன். பீடி குடிக்கக் கூடாது என்று எழுதியிருந்த போர்டைக் காட்டினான். மச்சினன் தரையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக் கையைக் கூப்பினான், பிணம் என்று காட்டுவதற்கு. காவலாளி பயந்துபோய் விசில் ஊதி இன்னொருவனைக் கூப்பிட்டான். அவன் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்து மச்சினன் முகத்தில் தெளித்தான்.

கூட்டம் சேர்ந்தது. ஆளுக்கொரு பாஷையில் பேசினார்கள். ஒருவர்கூட எங்களைத் திட்டவில்லை, விரட்டவில்லை. எல்லோரும் உதவி செய்யத்தான் வந்தார்கள். ஆனால் எங்களுக்கு என்ன வேண்டும் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. தவறிய சாமான் வைக்கிற அறைக்குக் கூட்டிப் போனார்கள். குடை ஒன்று, குழந்தையின் ஒற்றைச் செருப்பு, ஹெல்மெட் இரண்டு. நான் ஒவ்வொன்றையும் தூக்கிப் பின்னால் பார்த்தேன்.

வெளியே வந்தபோது என் மனைவி யாரிடமும் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தாள். மதினியை அவள் அக்கா என்பாள். “அக்காவுக்கு என்ன பதில் சொல்ல? நாலு மணிக்குப் போன் வருமே, என்ன பதில் சொல்ல?” அதைக் கேட்டுத்தான் நாயைப் பிடித்துக்கொண்டு நடந்துபோன ஒரு பெண் நின்றாள். நாற்பது வயது இருக்கும். “நீங்க தமிழா ஆண்ட்டி?” என்றாள். அவள் அப்பா அம்மா கோயம்புத்தூர்ப் பக்கமாம், இவள் பிறந்தது வளர்ந்தது இங்கேயாம். அந்தத் தமிழைக் கேட்டதும் என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நாய் எங்கள் மூன்று பேரையும் மோந்து பார்த்தது.

நடந்ததை நான் சொன்னேன். போட்டில் போனதை விட்டுவிட்டுச் சொன்னேன். மச்சினன் இடையில் புகுந்து அதையும் சொல்லிவிட்டான்.

அவள் காவலாளியிடம் இந்தியில் சொன்னாள். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு போனில் மேஸ்திரியைக் கூப்பிட்டான். மேஸ்திரி தெலுங்கில் யாரையோ கூப்பிட்டான். என் அண்ணன் தமிழிலிருந்து இந்திக்குப் போய், இந்தியிலிருந்து தெலுங்குக்குப் போய், கடைசியில் பெருக்குமாறும் கையுமாக ஒரு அம்மாளை எங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். என் மனைவி வயதுதான் இருக்கும். சேலைக்கு மேல் பச்சைக் கோட்டு.

கலயமா, ஆமாம், நான்தான் எடுத்தேன் என்று அந்த அம்மாள் உடனே சொன்னாள். ஒளிக்கவே இல்லை. அந்த ஊரில் பழைய சாமி படம், உடைந்த சிலை, பூஜை முடிந்த செம்பு, தேங்காய் எல்லாவற்றையும் குப்பையில் போட மனசில்லாமல் கரையோர மரத்தடியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்களாம். தினமும் அதைச் சேர்த்து எடுத்து ஏரியில் விடுவது இவள் வேலை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் விடுவேன் என்று காலைத் தூக்கிக் காட்டினாள். சிவப்புத் துணியைப் பார்த்து, ஏதோ அம்மனுக்குக் கட்டின கலயம் என்று நினைத்துக்கொண்டாள். துணியைக் கூட அவிழ்க்கவில்லை. கும்பிட்டுத்தான் விட்டேன் என்றாள்.

எங்கே என்று கேட்டேன். கூட்டிக்கொண்டு போனாள்.

கற்படிக்கட்டு. கீழே செவ்வந்திப் பூ அழுகி மிதந்தது. கண்ணாடி உடைந்த சாமி படத்தின் சட்டம் ஒன்று, பாதி தேங்காய், பிளாஸ்டிக் பை. தண்ணீர் பச்சையாக, கஞ்சிப் பதத்தில் இருந்தது. கலயம் இல்லை. போட்டதும் குமிழி விட்டுக்கொண்டு இறங்கிவிட்டது என்று கையால் காட்டினாள்.

நான் சட்டையைக் கழற்றினேன். தாமிரபரணி வெள்ளத்தில் மாட்டைப் பிடித்துக்கொண்டு கரையேறியவன் நான், இந்த ஏரி எனக்கு எம்மாத்திரம் என்று சொல்லிக்கொண்டே இரண்டு படி இறங்கினேன். மூன்றாவது படியில் பாசி. கால் போய்விட்டது. அந்தக் காவலாளி ஒரே கையால் என் இடுப்பு வேட்டியைப் பிடித்துத் தூக்கி மேலே உட்காரவைத்தான். ஆழம் அதிகம், அடியில் சேறு, இறங்கினால் நீங்களும் வரமாட்டீர்கள் என்று அவன் சொன்னதை நாய்க்காரப் பெண் எனக்குச் சொன்னாள். ஆள் வைத்துத் தேடச் சொல்லுங்கள், எவ்வளவு செலவானாலும் நான் தருகிறேன் என்றேன். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. “அங்கிள், மண்பானை. உள்ள போனதும் ஒடஞ்சிருக்கும்” என்று மட்டும் சொன்னாள்.

கலயத்தில் இருந்தது என்ன என்று அதற்குள் யாரோ அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டார்கள். பெருக்குமாறு கீழே விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து ஒரே மூச்சில் நிறையப் பேசினாள். நாய்க்காரப் பெண் தரையைப் பார்த்தாள்.

“என்ன சொல்லுதா?” என்றேன்.

“ஒண்ணும் இல்ல அங்கிள்.”

“சொல்லும்மா.”

“கூடப் பொறந்தவர மரத்துல கட்டிட்டு, நீங்க எதுக்கு போட்ல போனீங்கன்னு கேக்கறாங்க.”

லாரித் தொழிலில் என்னிடம் கேள்வி கேட்டு ஜெயித்தவன் கிடையாது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் நான் பேசினால் மேஜைக்கு மேஜை எட்டிப் பார்ப்பார்கள். அந்தப் படிக்கட்டில் ஈர வேட்டியோடு உட்கார்ந்து அந்த அம்மாளைப் பார்த்தேன். என் மனைவிதான் எழுந்துபோய் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பாஷையில் அழுதார்கள்.

கூட்டம் கலைந்தது. நாய்க்காரப் பெண் போன் நம்பர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். மணி மூன்றரை.

கொஞ்ச தூரத்தில் ஒருவர் கரியடுப்பில் மக்காச்சோளம் சுட்டுக்கொண்டிருந்தார். மச்சினன் அந்த அடுப்பையே பார்த்தான். அப்புறம் என் பக்கம் குனிந்து பைய சொன்னான். “அத்தான், நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக் கூடாது. ஒரு கலயம் வாங்குவோம். அந்த அடுப்புல ரெண்டு கை சாம்பல் எடுத்துப் போடுவோம். காசிக்குப் போயி கங்கையில விட்டுட்டு ஒங்க மதினிக்குப் போன் போட்டுருவோம். நம்ம மூணு பேரைத் தவிர எவனுக்குத் தெரியப்போவுது?”

கோபம் வரவில்லை. அதுதான் நிஜம். நல்ல யோசனை என்றுதான் தோன்றியது. கலயம் எங்கே கிடைக்கும் என்றுகூட யோசித்தேன். காசியில் நின்று போட்டோ எடுத்துத் தெருவுக்கே காட்டலாம். மனைவியைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவளிடம் சண்டை போட்டிருப்பேன், சரி என்று சொல்லியிருந்தால் செய்திருப்பேன். அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்குப் போன் அடித்தது.

“எங்கன வந்திருக்கிய கொழுந்தனாரே?”

ஹைதராபாத் என்றேன்.

“அங்கன தண்ணி இருக்கா?”

இருக்கு என்றேன். அதோடு வைத்திருப்பார். தினமும் அதோடுதான் வைப்பார். நான்தான் வைக்கவிடவில்லை. “மதினி, அண்ணனை விட்டுட்டேன்” என்று சொன்னேன். எங்கே ஆரம்பித்து எப்படிச் சொன்னேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. மரம், போட், அந்த அம்மாள், ஏரி, எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்புத்தான் என்பதை மூன்று நாலு முறை சொன்னேன். இணைப்பு போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இருந்தது.

“அது ஆளு குளிக்கித தண்ணியா?” என்று கேட்டார்.

எங்கள் ஆற்றுக்கரையில் ஒரு தண்ணீரை வேறு எப்படிக் கேட்பார்கள்? நான் ஏரியை ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் பார்த்தேன். சுற்றிலும் ரோடு, பஸ், கார். தண்ணீரில் ஒரு மனுஷன்கூட கால் நனைக்கவில்லை. நாற்றம் எங்கள் படிவரைக்கும் வந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

“இல்ல மதினி” என்றேன்.

“சரி. காசிக்குப் போவ வேண்டாம். அங்கன போயி என்ன செய்யப் போறிய. வண்டியைத் திருப்புங்க” என்றார். வைத்துவிட்டார்.

திரும்பி வந்த வழியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஊருக்குள் நுழையும்போது தெருவில் என்ன சொல்வது என்று எனக்குள் பத்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுவது என்று கடைசியில் முடிவு செய்துகொண்டேன்.

காரைப் பார்த்ததும் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். மதினியும் வாசலுக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டுக்காரர்தான் முதலில் கேட்டார். “என்ன அண்ணாச்சி, அதுக்குள்ள வந்துட்டிய? ஆறு நாள்தான் ஆவுது. எங்க பெரியப்பா மகன் ரயில்ல போயிட்டு வரவே பத்து நாளாச்சே.”

நான் வாயைத் திறந்தேன்.

“அவுக ஓட்டுத ஓட்டம் ஒங்களுக்குத் தெரியாதா?” என்றார் மதினி. “ஒருத்தர் கையிலயும் ஸ்டியரிங்கைக் குடுக்கல்லையாம். பறந்துல்லா போயிருக்காக.”

“எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?”

“நல்லபடியா முடிஞ்சுது.”

இது எனக்காகச் சொன்ன பொய்யா, அண்ணன் ஒரு நாறும் ஏரியில் கிடக்கிறான் என்று தெரு பேசக் கூடாது என்பதற்காகச் சொன்னதா, எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. மதினியின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மச்சினன் டிக்கியைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளே எதையோ தேடுவது மாதிரி குனிந்தே நின்றான்.

எதிர்வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கூடப்பிறந்தவனுக்கு இப்படிச் செய்கிறவன் இந்தக் காலத்தில் யார் என்றார். கையை உருவிக்கொள்ளப் பார்த்தேன், அவர் விடவில்லை. அவர் மனைவி உள்ளே ஓடிப்போய் ஒரு சின்னக் கிண்ணத்தோடு வந்தாள்.

“காசித் தீர்த்தம் கொண்டாந்திருப்பியளே அண்ணாச்சி. ஒரு சொட்டு குடுங்க.”

காசிக்குப் போனவர்கள் கங்கைத் தண்ணீர் அடைத்த குட்டிச் செம்புகளை வாங்கிவந்து வீட்டுக்கு வீடு கொடுப்பது வழக்கம். அது எனக்கு மறந்தே போயிருந்தது. மூன்று பேரும் வெறுங்கையோடு நின்றோம்.

“ஒண்ணே ஒண்ணுதான் கொண்டாந்தாக, எனக்கு மட்டும். அதை ஒடைக்கக் கூடாது, நான் கண்ணை மூடும்போது என் தலைமாட்டுக்கு வேணும்” என்றார் மதினி. கிண்ணத்தோடு நின்றவளின் தோளைத் தட்டிவிட்டு, இல்லாத செம்பை வைத்திருக்கிற வீட்டுக்குள் போனார்.